கைதி என்றால் கொட்டடி என்று எழுதாதீர்கள்

தமிழில் வரலாற்றுப் பாடங்களும் சிறுவர் நூல்களும் எழுதுவோருக்கு,

வணக்கம். தீவாந்தர சிட்சை என்றதும் நம் கண்முன் வருவது அந்தமான் செல்லுலார் சிறை. அதே படத்தைச் சிட்னிக்கும் பொருத்திவிடுகிறோம். 1788 முதல் 1868 வரை பிரிட்டிஷ் அரசால் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதிகள் ஏறத்தாழ 1,62,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் கொட்டடியில் காலம் கழிக்கவில்லை. கூலியில்லாத வேலையாட்களாக உழைத்தார்கள். அந்த உழைப்பு எப்படி நடந்தது என்று எழுதுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

கப்பலிலிருந்தே தொடங்கலாம். 1790இல் வந்த இரண்டாம் கப்பல் தொகுதியில் ஏறிய சுமார் 1,000 கைதிகளில் நாலில் ஒருவர் வழியிலேயே இறந்தார். இதைக் கடலின் கொடுமை என்று எழுதி முடித்துவிடக் கூடாது. கப்பல் ஒப்பந்தக்காரருக்குப் பணம் ஏற்றிய தலைக்கணக்கில்தான் கிடைத்தது. இடையில் செத்தவரின் சாப்பாடு அவருக்கு மிச்சம். பிறகு உயிரோடு கரையிறங்கியவர் எண்ணிக்கையையும் பணத்தோடு முடிச்சுப்போட்டார்கள். 1815 முதல் கப்பலில் அரசு மருத்துவருக்குப் பொறுப்பு வந்தது. சாவும் குறைந்தது.

இறங்கியதும் பெயர், ஊர், தொழில், உயரம், உடம்பில் குத்திய பச்சை வரை பதிவேட்டில் ஏறும். தச்சர், கொல்லர், கொத்தனாரை அரசே வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் பண்ணைக்காரர்களிடம் ஒப்படைக்கப்படுவார்கள். 1830களின் விதிப்படி ஆளுக்கு வாரப்படி 12 பவுண்டு கோதுமை, அதாவது சுமார் ஐந்தரை கிலோ. 7 பவுண்டு மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி. உப்பும் சோப்பும் தலா 2 அவுன்ஸ். ஆண்டுக்கு 3 சட்டை, 2 கால்சட்டை, 3 ஜோடி காலணி. தேநீர், சர்க்கரை, புகையிலை இந்தப் பட்டியலில் இல்லை. அவை எஜமானரின் தயவு. கைதியை வழிக்குக் கொண்டுவர அதை நிறுத்தினாலே போதும்.

சவுக்கடியையும் சரியாக எழுத வேண்டும். எஜமானர் தானே அடிக்க முடியாது; மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். அந்த மாஜிஸ்திரேட்டோ பல இடங்களில் பக்கத்துப் பண்ணைக்காரர். அநீதி அங்கேதான் இருந்தது. பெரும்பாலும் மீண்டும் குற்றம் செய்தவர்களுக்குத்தான் காலில் விலங்கிட்டு வேலை வாங்கும் கூட்டமும், நார்ஃபோக் தீவு, போர்ட் ஆர்தர் போன்ற கடுந்தண்டனை இடங்களும். விலங்கு என்று ஒரு சொல்லில் கடந்துபோகாமல் அவர்கள் போட்ட கால்சட்டையைப் பாருங்கள். வெளிப்புறத் தையல் நெடுக, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, பொத்தான்கள். கணுக்காலில் விலங்கு வளையத்தை ஆணியடித்து இறுக்கிய பின் கால்சட்டையை அதன் வழியே மேலே ஏற்ற முடியாதே!

இன்னொரு பிழை, டிக்கெட் ஆஃப் லீவ் என்பதை 'விடுப்புச் சீட்டு' என்று பெயர்ப்பது. இங்கே லீவ் என்றால் அனுமதி. 7 ஆண்டுத் தண்டனைக்காரர் ஒரே எஜமானரிடம் 4 ஆண்டு ஒழுங்காக இருந்தால் அது கிடைக்கும். 14 ஆண்டுக்கு 6, ஆயுளுக்கு 8. எஜமானர் மாறினால் காத்திருப்பு நீளும். சீட்டு வைத்திருப்பவர் கூலிக்குப் போகலாம், ஆனால் குறித்த மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே 'அனுமதிச் சீட்டு' என்றே எழுதுங்கள்.

கடைசியாக, அந்தப் பண்ணைகள் யாருடைய மண்ணில் எழுந்தன என்பதை விட்டுவிடாதீர்கள். 1838இல் நியூ சவுத் வேல்ஸ் காலனியின் மையால் கிரீக்கில் குறைந்தது 28 பூர்வகுடி மக்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் முதியோர், பெண்கள், குழந்தைகள். கொன்றவர்களில் ஒருவர் தவிர எல்லோரும் கைதிகள் அல்லது முன்னாள் கைதிகள். அவர்களில் 7 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஒருவர், சுதந்திரமாகப் பிறந்த பண்ணைக் குடும்பத்து ஜான் ஃபிளெமிங், பிடிபடவே இல்லை. முக்கியச் சாட்சி சொன்ன குடிசைக்காவலர் ஜார்ஜ் ஆண்டர்சனும் ஒப்படைக்கப்பட்ட கைதிதான்.

இப்படிக்கு,
காலனியக் கைதிப் பதிவேடுகளோடு பழகும் சிலர்