மொசைக் தரைகளை உடைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்பதுகளின் பாணி திரைப்படத்திலும் இசையிலும் வீட்டு உள்ளலங்காரத்திலும் மீண்டும் வந்திருப்பதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். சேலத்தில் நெடுங்காலம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எண்பதுகளின் சாயலில் உணவகங்களையும் விடுதிகளையும் புதிதாக அமைப்பதற்குப் பெருந்தொகை செலவிடும் இதே நாட்களில்தான், உண்மையாகவே எண்பதுகளில் கட்டப்பட்ட வீடுகளின் தரைகளை அஸ்தம்பட்டியிலும் அழகாபுரத்திலும் ஃபேர்லண்ட்ஸிலும் உடைத்து வண்டி வண்டியாக அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது புதிதாகத் திறக்கப்படும் கடைகளில் எண்பதுகள் என்று காட்டப்படுவது பெரும்பாலும் நம்முடைய எண்பதுகள் அல்ல. இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒளிரும் நியான் எழுத்துகளும், முக்கோணமும் வளைகோடுமாகச் சுவரெங்கும் வரையப்படும் கோலங்களும் வேறு ஊர்களிலிருந்து வந்தவை. 1981-இல் இத்தாலியின் மிலான் நகரில் எட்டோரே சோட்சாஸ் தலைமையிலான ‘மெம்ஃபிஸ்’ என்ற வடிவமைப்பாளர் குழுவினர் காட்சிக்கு வைத்த மேசை நாற்காலிகளிலிருந்து ஒரு பகுதியும், அமெரிக்கப் படங்கள், தொடர்களிலிருந்து மறு பகுதியும் வந்தன. அவற்றுக்கென்று ஓர் அழகு உண்டு; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேலத்து நடுத்தரக் குடும்பம் எண்பதுகளில் கடன் வாங்கிக் கட்டிய வீடு வேறு மாதிரி இருந்தது. சூரியன் உதிப்பதுபோல் கம்பி வளைத்த ஜன்னல் கிரில், கடப்பாக் கல் பதித்த அலமாரி, சன்மைக்கா ஒட்டிய டீப்பாய், வயர் பின்னிய நாற்காலி, சமையலறையில் பித்தளையை ஓரங்கட்டிவிட்டு வரிசையாக நின்ற எவர்சில்வர் பாத்திரங்கள் ஆகியவைதான் அந்த வீட்டின் அடையாளங்கள். சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில்தான் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இசையிலும் இதே குழப்பம் இருக்கிறது. யமஹாவின் டி.எக்ஸ். 7 என்னும் சிந்தசைசர், அதாவது மின்னொலி எழுப்பும் இசைக்கருவி, 1983-இல் வெளிவந்தபின் உலகெங்கும் பாடல்களின் ஒலியே மாறியது. நம் திரையிசையும் விலகி நிற்கவில்லை. ‘புன்னகை மன்னன்’ படத்துக்காக இளையராஜா கணினி இசையைக் கையாண்டது 1986-இல். எனினும் அந்தக் காலத்துத் தமிழ்ப் பாடல்களில் நம் மனத்தைப் பிடிப்பது கருவியின் மின்னொலி மட்டும் அன்று. வயலின் குழுவும் தபேலாவும் பேஸ் கிட்டாரும் ஒன்றையொன்று கேட்டு நகரும் அந்த இணக்கமும்தான். இன்று மின்னொலியை மட்டும் எடுத்துப் பூசிவிட்டு எண்பதுகளின் பாட்டு என்கிறார்கள். மாறாக, 1989-இல் வெளிவந்த ‘பொன்மனச் செல்வன்’ படத்தின் பாடலை, அதன் மூல ஒலியோடு ‘லப்பர் பந்து’ படம் 2024-இல் எடுத்தாண்டபோது, அந்தப் பாடல் வந்த காலத்தில் பிறந்திராத பிள்ளைகள்கூடத் திரையரங்கில் சேர்ந்து பாடினார்கள். உள்ளதை உள்ளபடியே மதித்து எடுத்து வைத்தால் போதும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

இனி தரைக்கு வருகிறேன். மொசைக் தரை போடுவது எளிய வேலை அன்று. முதலில் தளத்தின் மேல் கண்ணாடிப் பட்டைகளை நிறுத்திக் கட்டம் பிரிப்பார்கள். பட்டை நூல் பிசகினால் அறை முழுவதும் கண்ணை உறுத்தும் என்பதால், அதற்கென்றே கைதேர்ந்த ஆளைத் தேடிப்பிடித்து அழைத்து வருவார்கள். பிறகு சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டோடும் வண்ணத்தோடும் கலந்து கட்டங்களில் இட்டு, உருளையால் அழுத்தி, சில நாள் தண்ணீர் கட்டி இறுக விடுவார்கள். அதன்பின் தண்ணீர் ஊற்றியபடியே இயந்திரத்தால் தேய்ப்பார்கள். முதலில் 60-ஆம் எண் சாணைக்கல், பிறகு 120, கடைசியில் 320 என்று கல் மென்மையாகிக்கொண்டே போகும். இடையிடையே ஊசித்துளைகளைச் சிமெண்ட் பாலால் அடைத்துக் காயவிட வேண்டும். முடிவில் ஆக்ஸாலிக் பவுடர் தூவி மெருகேற்றும்போது, சேற்றுக் குழம்பாகக் கிடந்த இடத்திலிருந்து பச்சையும் வெள்ளையும் கறுப்புமாகச் சில்லுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து எழும். அந்த வேளையில் வீட்டுக்காரர்கள் வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதே தோற்றத்தை அச்சிட்ட டைல்ஸ்தான் இன்று ‘டெர்ராசோ’ என்ற பெயரில் விற்பனையாகிறது. கொஞ்சம் குனிந்து பார்த்தால், ஒரு டைலின் ஓரத்தில் இருக்கும் அதே சில்லு, அதே வளைவோடு, சில டைல்கள் தள்ளி மறுபடியும் வந்து நிற்பதைக் காணலாம். அச்சு மேற்பரப்பில் மட்டுமே இருக்கிறது; அது தேய்ந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. மொசைக்கிலோ சில்லுகள் மேற்பூச்சின் முழு கனத்துக்கும் கலந்திருப்பதால், நாற்பது ஆண்டு நடந்து மங்கிய தரையையும் மறுபடி தேய்த்துப் புதிதாக்க முடிகிறது.

தரை மஞ்சளடித்துவிட்டது, விரிசல் விட்டுவிட்டது, பார்க்கவே பழசாக இருக்கிறது என்று உரிமையாளர்கள் சொல்வதை நான் புறக்கணிக்கவில்லை. அடித்தளம் இறங்கியதால் வந்த பெரிய விரிசலுக்கு உடைப்பதைத் தவிர வேறு வழி இல்லாமலும் போகலாம். ஆனால் மங்கிய தரைகளில் பலவும் மங்கியது வயதினால் அன்று. குளியலறைக்கு வாங்கிய ஆசிட்டைக் கூடத்திலும் ஊற்றிக் கழுவியதால்தான். சலவைக்கல் சுண்ணாம்புக்கல் இனம். ஆசிட் பட்டால் அரிக்கும். மேலாக அரிபட்ட அந்தப் பரப்பைத் தேய்த்தெடுத்தாலே கீழே நல்ல கல் இருக்கிறது.

தரையை முழுவதும் உடைக்காமல் கொத்திவிட்டு அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டும் பழக்கமும் பரவியிருக்கிறது. அப்படிச் செய்தால் தரை மட்டம் உயர்ந்து கதவுகள் திறக்காமல் போகின்றன. உடனே தச்சரை அழைத்து, அருமையான தேக்குக் கதவுகளின் அடிப்பக்கத்தை அறுத்துவிடுகிறார்கள். ஒரு பழைய வீட்டில் அப்படி அறுபட்ட பட்டைகள் குப்பையோடு குப்பையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு என்னால் அன்று அமைதியாக இருக்க முடியவில்லை.

நம் ஊருக்கு இந்த அனுபவம் புதிதும் அன்று. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் தென்னிந்தியத் திரையுலகின் பெரிய படத் தொழிற்கூடங்களில் ஒன்றாக விளங்கியது. ஏற்காடு சாலையில் இன்று அதன் நுழைவு வளைவு மட்டும்தான் நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து அதன் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வீடுகளிலும் அந்த நிலை வரக்கூடாது. பழைய காலக் கதையைப் படமாக்க வரும் கலை இயக்குநர்களுக்கு இங்கே இன்னும் முழு வீடுகளே இருக்கின்றன. 1980-ஆம் ஆண்டு மதுரையைக் காட்டிய ‘சுப்பிரமணியபுரம்’ 2008-இல் பெற்ற மதிப்புக்கு, மெய்யான தெருக்களும் வீடுகளும் தந்த நம்பகத்தன்மையும் ஒரு காரணம்.

எனவே உணவகங்களையும் விடுதிகளையும் வடிவமைக்கும் இளைய கட்டடக் கலைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அச்சிட்ட டைல்ஸ் வாங்கும் தொகையில் ஒரு கூடத்துக்கேனும் மெய்யான மொசைக் தரை போடுங்கள். வேலை தெரிந்த கைகள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. அவர்களில் பலர் வேலை கிடைக்காமல் பெயிண்ட் அடிக்கவும் டைல்ஸ் ஒட்டவும் போய்விட்டார்கள். அவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பு ஒரு கட்டுரை வெளியிட வேண்டும். பாலிடெக்னிக்குகளில் கட்டடப் பிரிவில் படிக்கும் மாணவர்களுக்கு அவர்களைக் கொண்டே செய்முறைப் பயிற்சி அளிக்கவும் ஏற்பாடு செய்யலாம்.

பழைய வீட்டைப் புதுப்பிக்க இருப்பவர்கள் ஒப்பந்தக்காரரிடம் சரி என்று சொல்லுமுன் ஒரு நாள் பொறுத்திருந்து, பாலிஷ் போடுபவர் ஒருவரை அழைத்து, கட்டில் அடியிலோ அலமாரி ஓரத்திலோ இரண்டு அடிச் சதுரத்தை மட்டும் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். அரை நாள் கூலிதான் ஆகும். அதைப் பார்த்த பின்பு முடிவெடுங்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.