மங்கும் வாளியும் தந்த அம்மாவுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் மண்டபத்தில் எங்கள் இளையோர் ரப்பர் தோட்ட நாடகத்தை ஒத்திகை பார்த்த மாலையில், பால்மரமாக, அதாவது ரப்பர் மரமாக, நின்ற பையனை ஒரு மாணவி கத்தரிக்காய் நறுக்குவதுபோல் சீவிக்கொண்டிருந்தாள். இயக்குநரான எனக்கும் அதற்குமேல் தெரியாது. பேரனுக்காக வாசலில் காத்திருந்த நீங்கள், யாரும் அழைக்காமலே உள்ளே வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து, கோடு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக இறங்க வேண்டும், பட்டையைத் தாண்டி உள்மரத்தில் கத்தி படக் கூடாது என்று காட்டினீர்கள்.

மறுநாள், மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணமான மங்கும் பால்வாளியும் கொண்டுவந்தீர்கள். நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறிய உங்கள் தந்தை, பினாங்குக் கரையைக் காணுமுன் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தடுத்துவைக்கப்பட்டதை நீங்கள் சொல்லக் கேட்டு, பிள்ளைகள் கைப்பேசியை மறந்தார்கள். 1938இல் மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்ப அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசு தடை விதித்ததென்ற என் வறட்டு வசனத்தை அவர்களே அடித்துவிட்டார்கள், சரிதான்.

உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன், அம்மா. மிக்க நன்றி. வாளி எங்களிடம்தான் இருக்கிறது.