பட்டறையில் கழிந்த 131 நாட்கள்: எல்க்கார்ட் ஃபிஃப்த் வீல் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், எல்க்கார்ட் மாவட்டத்தில் ஃபிஃப்த் வீல் வண்டிகள் கட்டும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஒழுகும் கூரையையும் வாரன்டியையும் பற்றி ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன். "உங்கள் கருத்தை மதிக்கிறோம்" என்று மூன்று முறையும் கணினி பதில் போட்டது. ஆகவே நான்காவது மடலை, எனக்குக் கோபம் தடையில்லாமல் வரும் மொழியில் எழுதுகிறேன். மொழிபெயர்த்துக்கொள்ளும் வேலை உங்களுடையது. பணி ஓய்வுக்குப் பிறகு இப்படியொரு வண்டி வாங்கி ஊர் சுற்றலாமா என்று யோசிக்கும் தமிழர்கள் இந்நாட்டில் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் இது படட்டும்.

அவர்களுக்காக ஒரு விளக்கம். ஃபிஃப்த் வீல் என்பது தனக்கென இன்ஜின் இல்லாத வீட்டு வண்டி. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் டிரெய்லர் அல்ல இது. பிக்கப் டிரக்கின் சுமைத் தட்டில், பின் அச்சுக்கு நேர்மேலே, கண்டெய்னர் லாரியில் இருப்பது போன்ற வட்டப் பூட்டு ஒன்று இருக்கும். வண்டியின் முன்பக்கத்திலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கிங்பின் அதில் விழுந்து பூட்டிக்கொள்ளும். வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை அந்த ஒரு முளை வழியாக டிரக்கின் மேல் இறங்குகிறது. என் வண்டியின் உச்ச எடை 14,500 பவுண்டு. அப்படியென்றால் அந்த முளைக்கு மேலே இருக்கும் வெல்டிங் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு நேர்மேலேதான் எங்கள் படுக்கை அறை.

நான் கரூர்க்காரன். எங்கள் ஊரும் உங்கள் ஊரைப் போலத்தான். வண்டிக்குக் கூடு கட்டிப் பிழைக்கும் ஊர். என் அப்பா ஒரு பஸ் பாடி பட்டறையில் மேஸ்திரியாக இருந்தார். பஸ் முதலாளி வாரம் ஒருமுறை வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். தகடு மூடுவதற்கு முன்பே சட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். வண்டி முடிந்ததும் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு, ஹோஸ் பைப்பில் கூரைமேல் அரை மணி நேரம் தண்ணீர் அடிப்பார்கள். உள்ளே சாக்பீஸும் கையுமாக ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். எங்கே சொட்டுகிறதோ அங்கே வட்டம் போட வேண்டியது அவன் வேலை. கோடை விடுமுறைகளில் அந்தப் பையன் நான்தான். வட்டம் இருக்கும்வரை வண்டி பட்டறையை விட்டு நகராது. அப்பாவுக்குக் கூலியும் முழுதாக வராது.

இந்தப் பழக்கதோஷத்தோடு 2023 ஏப்ரலில், வட கரோலினாவில் ஒரு டீலரிடம் உங்களில் ஒருவர் கட்டிய வண்டியை வாங்கினேன். யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். வாங்கிய அன்று 45 நிமிடம் சுற்றிக்காட்டினார்கள். மின்சாரக் கணப்படுப்பு எப்படி நிறம் மாறும் என்பதற்கே அதில் பத்து நிமிடம் போனது. தண்ணீர் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். விற்பனையாளர் சிரித்து, "தொழிற்சாலையில் எல்லாம் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள்" என்றார். நான் நம்பினேன். அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

முதல் வாரத்தில் சமையல் தொட்டிக்கு அடியில் குழாய் இணைப்பு ஒன்று கழன்றது. யாரோ விரலால் திருகிவிட்டு, ஸ்பேனர் எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை போலும். ஹீட்டரைப் போட்டால் காற்றுக் குழாய் வழியாக மரத்தூள் பறந்தது. இவற்றையெல்லாம் நானே சரிசெய்துகொண்டேன். இது கோபப்படும் விஷயமே அல்ல. மே மாதம் ஸ்மோக்கி மலையடிவாரத்தில் இரவு மழை பிடித்தது. முன்முகப்பும் கூரையும் சேரும் விளிம்பில், சரியாக என் மனைவியின் தலையணைக்கு மேலே, சொட்டத் தொடங்கியது.

அதன் பிறகு நடந்ததற்கு ரசீதுகள் இருக்கின்றன. முதல் முறை வண்டி டீலரின் பட்டறையில் 38 நாள் நின்றது. இரண்டாம் முறை 57 நாள். அதற்குள் பக்கவாட்டுச் சுவர் ஓரிடத்தில் உப்பியிருந்தது. மூன்றாம் முறை 36 நாள். மொத்தம் 131. வேலைச்சீட்டுகளில் எழுதியிருக்கும் உழைப்பு நேரத்தைக் கூட்டினால் 19 மணி நேரம் வருகிறது. மீதி நாட்களெல்லாம் வண்டி வெயிலில் நின்று, படம் அனுப்பி ஒப்புதல் வாங்கவும், பலகை வரவும், ஆள் கிடைக்கவும் காத்திருந்தது. அத்தனை நாளும் கடன் தவணை மட்டும் தவறாமல் என் கணக்கிலிருந்து போனது.

ஓராண்டு வாரன்டி ஏப்ரலில் முடிந்தது. முடிந்த நாற்பதாவது நாள் அடுத்த பெருமழை. அதே மூலை, அதே தலையணை. உங்கள் தரப்பில் வந்த பதிலில் இரண்டு வரிகள் இருந்தன. காலம் கடந்துவிட்டது என்றது முதல் வரி. கூரை சீலன்ட்டை, அதாவது இடுக்கில் நீர் புகாமல் பூசும் பசையை, 90 நாளுக்கு ஒருமுறை சோதிப்பது உரிமையாளர் கடமை என்றது இரண்டாவது. வண்டி உங்கள் ஏற்பாட்டில் டீலர் பட்டறையில் நின்ற 131 நாட்களில் அந்தக் கடமையை நான் சுவரேறிக் குதித்துச் செய்திருக்க வேண்டுமா?

இந்த மடலின் ஒரே கோரிக்கை இங்கேதான் இருக்கிறது. பட்டறையில் நிற்கும் நாட்களை வாரன்டிக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்கள் எனக்கு 365 நாள் தருவதாக எழுதிக் கொடுத்தீர்கள். என் கைக்கு வந்தது 234. மிச்சத்தைக் கொடுத்திருந்தால், அந்த மழை பெய்தபோது இன்னும் 91 நாள் பாக்கி இருந்திருக்கும்.

இது நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் 1970இல் வந்த சாங்-பெவர்லி சட்டம் இதைத்தான் சொல்கிறது. 50 டாலரோ அதற்கு மேலோ விலையுள்ள நுகர்பொருளை வாரன்டிப் பழுதுக்காக ஒப்படைத்தால், அது திரும்பிக் கையில் கிடைக்கும்வரை வாரன்டிக் காலம் தானாகவே நின்றுவிடும். அங்கே ஒரு சாதாரண மின்சாரச் சாதனத்துக்குக் கிடைக்கும் இந்த நியாயம், வீட்டின் விலையில் பாதியைத் தொடும் வண்டிக்கு எல்லா ஊரிலும் கிடைக்கக் கூடாதா? மற்ற மாநிலங்கள் சட்டம் போடும்வரை நீங்கள் காத்திருக்கவும் வேண்டாம். வாரன்டிக் கையேட்டை எழுதுவது நீங்கள்தானே.

சட்டத்தின் பக்கம் போகச் சொல்வீர்கள். போய்ப் பார்த்தேன். பழுதான வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ள வைக்கும் "லெமன்" சட்டங்கள் பல மாநிலங்களில் தானே ஓடும் வண்டிகளுக்கு மட்டும்தான். இழுவை வண்டிக்கு அதில் இடமில்லை. உங்கள் இண்டியானாவின் சட்டமோ இன்ஜின் உள்ள மோட்டார் ஹோமைக்கூட விலக்கி வைத்திருக்கிறது. உலகத்தின் ஆர்வி (வீட்டு வண்டி) தலைநகரம் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்ட மாவட்டம் இருக்கும் மாநிலத்தின் சட்டம் அது! மிஞ்சுவது 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரன்டிச் சட்டம். அது நல்ல சட்டம்தான். ஆனால் உங்களில் பலருடைய கையேடுகளில் வழக்கை இண்டியானாவில்தான் தொடர வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. ஒழுகும் கூரைக்காக அறுநூறு மைல் தள்ளி வக்கீல் பிடிக்க யாரால் முடியும்?

கதவோரம் ஒட்டியிருக்கும், உங்கள் தொழில் சங்கமான ஆர்வி இண்டஸ்ட்ரி அசோசியேஷனின் முத்திரையைக் காட்டி, "இது தரச் சான்று" என்று டீலர்கள் சொல்கிறார்கள். வாங்கப்போகிறவர்கள் கவனிக்க வேண்டும். அந்த முத்திரை, அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 1192 போன்ற விதிகளைத் தயாரிப்பாளர் பின்பற்றுகிறார் என்பதற்கானது. கேஸ், மின்சாரம், தண்ணீர்க் குழாய், தீ விபத்தில் தப்பும் வழி ஆகியவற்றைப் பற்றிய விதிகள் அவை. உயிருக்குப் பாதுகாப்பு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அலமாரிக் கதவு நிற்குமா, மூலை ஒழுகுமா என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பேற்பதில்லை. அதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல உங்களுக்கு ஒரு துண்டுத்தாள் போதும்.

உங்கள் தொழிலாளர்களை நான் குறை சொல்லவில்லை. சென்ற கோடையில் எல்க்கார்ட்டுக்கு வந்து ஒரு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தேன். மேஜைமேல் அலுமினியச் சட்டம், இடையே ஃபோம் பலகை, மேலும் கீழும் தகடு, பசை, அழுத்தம்; சில நிமிடங்களில் ஒரு சுவர். கைவேகம் அபாரம். தாடி வைத்த, ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கூரை விளிம்பில் சீலன்ட் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். எங்கள் ஊர் மேஸ்திரிகள் நின்று பார்த்திருப்பார்கள். ஆனால் விடியும் முன் தொடங்கி, அன்றைய எண்ணிக்கை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்ற முறையில், துண்டுக்கூலிக்கு வேலை செய்கிறவரிடம் "நிதானமாகப் பார்" என்று சொல்வதில் பொருள் இல்லை. அவர் நின்று இன்னொரு முறை பார்த்தால் வரிசையில் இருக்கும் அத்தனை பேரின் கூலியும் நிற்கிறது. அப்பாவின் பட்டறையில் சொட்டு இருந்தால் கூலி நின்றது. உங்கள் ஊரில் சொட்டைத் தேடினால் கூலி நிற்கிறது. இரண்டு ஊருக்கும் நான் கண்ட வித்தியாசம் இவ்வளவுதான்.

2021இல் இந்தத் தொழில் 6,00,240 வண்டிகளை அனுப்பியது. அதுவரை இல்லாத உச்சம். கொள்ளைநோய்க் காலத்து அவசரம், ஆள் பற்றாக்குறை, பொருள் தட்டுப்பாடு என்றெல்லாம் காரணம் சொன்னீர்கள், ஏற்றுக்கொள்ளலாம். 2023இல் அது 3,13,174 ஆகிவிட்டது. ஏறக்குறைய பாதி. அவசரம் போய்விட்டது, பழைய காரணமும் அதனோடு போயிருக்க வேண்டும். தொழில் படுத்தால் கைதேர்ந்தவர்களை வீட்டுக்கு அனுப்புவதும், எழுந்தால் புதியவர்களை வாசலிலேயே பிடித்து நிறுத்துவதும் உங்கள் ஊருக்குப் பழகிப்போனது. 2009இல் வேலையின்மையைப் பேச ஒபாமா தேடி வந்த ஊரல்லவா.

டீலர் பட்டறையின் கதை இன்னொன்று. என் வண்டியைப் பார்த்த மெக்கானிக் நல்ல மனிதர். "இந்த வேலைக்குக் கம்பெனி இரண்டு மணி நேரத்துக்குத்தான் காசு தரும், உள்பலகையைக் கழற்றவே மூன்று மணி நேரம் ஆகும்" என்றார். அதனால் பலகையைக் கழற்றாமல் பழைய சீலன்ட்டின் மேலேயே புதியதை ஊற்றிவிட்டார். மூன்று முறையும் அதுதான் நடந்தது. வேறு டீலரிடம் கொண்டுபோகலாம் என்றால், தங்களிடம் வாங்காத வண்டிக்கு வாரன்டி வேலை செய்ய அவர்களில் பலர் தயாராக இல்லை. குளிர்பெட்டி ஒரு நிறுவனம், அச்சு ஒரு நிறுவனம், சட்டகம் இன்னொன்று; ஒவ்வொன்றுக்கும் தனி வாரன்டி. மெக்கானிக் பற்றாக்குறை என்று ஆர்வி டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினீர்கள், வரவேற்கிறேன். படித்து வெளியே வருகிறவருக்கு மூன்று மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரக் காசும் கொடுங்கள். பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாரன்டியை ஒரு நாள் நீட்டும் என்றால், அந்தக் காசை நீங்களே தேடிவந்து கொடுப்பீர்கள் என்பது என் கணிப்பு. காத்திருப்பின் செலவு இன்று முழுக்க எங்கள் தலையில் இருப்பதால்தான் யாருக்கும் அவசரமில்லை.

வாங்க நினைக்கும் நண்பர்களே, இடையில் உங்களுக்கும் கொஞ்சம். பெயரை மாற்றினால் முதலாளி மாறிவிடுவதாக எண்ண வேண்டாம். கீஸ்டோன், ஹார்ட்லேண்ட், ஜேகோ ஆகிய மூன்றும் தோர் குழுமம். ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்ஷயர் ஹாத்வேயுடையது. கிராண்ட் டிசைன் 2016 முதல் வினெபாகோவுடையது. கணப்படுப்பை விட்டுவிட்டு ஏணி கேட்டுக் கூரைமேல் ஏறுங்கள். கிங்பின் பெட்டியைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் எவ்வளவு சாமான் ஏற்றலாம் என்று இருக்கும். நீங்கள் நிரப்பப்போகும் தண்ணீரும் அதில் கழியும். ஆண்டு முழுவதும் அதிலேயே குடியிருந்தால் வாரன்டி செல்லாது என்று பல கையேடுகளில் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள். டீலரைச் சாராத சோதனையாளரைச் சொந்தக் காசில் அழைத்து வாருங்கள். வண்டிக்குள் காற்றை அழுத்தி, வெளியே சோப்பு நீர் பூசினால் ஒழுகும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். அந்தச் சோதனையைக் கேளுங்கள். சிரிக்கிற டீலரிடம் வாங்காதீர்கள்.

மீண்டும் தயாரிப்பாளர்களுக்கு. செப்டம்பரில் நாடெங்கும் உள்ள டீலர்கள், புது மாடல்களைப் பார்க்கும் ஓபன் ஹவுஸ் வாரத்துக்கு உங்கள் ஊருக்கு வருவார்கள். அதற்கு முன் புது மாடல் ஆண்டின் கையேடுகளில் ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே எழுதித் தருகிறேன்: "வாரன்டிப் பழுதுக்காக வண்டி ஒப்படைக்கப்பட்ட நாள் முதல், பழுது நீங்கி உரிமையாளர் கையில் திரும்பக் கிடைக்கும் நாள் வரை உள்ள காலம் வாரன்டிக் காலத்தில் சேராது."

என் வண்டி இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. படுக்கை அறைக் கூரையின் இடது மூலையில், தலையணைக்கு மேலே, சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்தால் தேட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கரூர்க்காரன் ஒருவன்,
வட கரோலினா