பத்து மணிக்கு லைட்டை அணை

வெள்ளவத்தை

அன்பு மகளுக்கு,

தம்பி உன் படங்களைக் காட்டினான். எனக்கு அனுப்பாமல் அவனுக்கு அனுப்பியிருக்கிறாய், பரவாயில்லை. நந்தியாவட்டையில் நீ பிடித்த பச்சைப் புழு, அலரி ஹோக்மொத் என்கிற அந்துப்பூச்சியின் புழுதான். நீ கண் என்று எழுதிய நீலப் பொட்டு இரண்டும் கண்ணல்ல, மூன்றாவது கால் சோடி இருக்கிற வளையத்தின் மேலுள்ள வெறும் நிறம். பயந்தால் சின்னத் தலையை உள்ளே இழுத்து முன்னுடம்பை உப்பும், அப்போது முழிக்கிற மாதிரித் தெரியும். வால்கொம்பு கட்டையாகி மஞ்சளாகிவிட்டது, ஆகவே கடைசிப் பருவம். கொம்பைப் பக்கவாட்டில் எடுத்தது வடிவாய் இருக்கிறது. ஆனால் நேரம் இரவு 2.40 என்று விழுந்திருக்கிறது. மற்றப் படங்களும் அப்படித்தான்.

இனி அது பழுப்பாகி, தின்னாமல் பெட்டியைச் சுற்றி ஓடும். வருத்தம் என்று எறிந்துவிடாதே, கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. அடியில் இரண்டு அங்குலம் ஈரலிப்பான மண், மேலே காய்ந்த சருகு போடு. மண்ணைப் பிழிந்தால் தண்ணீர் வரக்கூடாது. மூடி வேண்டாம், மெல்லிய துணி கட்டு. பிளாஸ்டிக் மூடி வியர்த்தால் எச்சத்தில் பூஞ்சணம் பிடிக்கும், புழுவும் அழுகும். கரடான தடி ஒன்றைச் சாய்த்து வை. வெளியே வருகிற பூச்சி அதில் ஏறித் தொங்கினால்தான் செட்டை விரியும். ஏற இடமில்லாவிட்டால் சுருண்டபடியே காய்ந்துவிடும். இரண்டு மூன்று கிழமை செல்லும். அதற்கு இரவிரவாய்க் காவல் தேவையில்லை.

வெள்ளைத் துணி கட்டி, லைட் போட்டு, வருகிற அந்துப்பூச்சிகளைப் பார்ப்பதற்கும் இரவிரவாய் முழித்திருக்கத் தேவையில்லை. சாதாரண எல்இடி பல்ப்பில் புறஊதா இல்லை, அதற்கு வருவது குறைவு. புறஊதா டியூப் வாங்கு, அதை நேரே பார்க்காதே. பௌர்ணமிப் போயா லீவு என்று அன்றைக்குக் கட்டாதே, நிலவில் அதிகம் வராது. அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத புழுக்கமான இரவுதான் நல்லது. இருட்டினதும் போட்டுப் பத்து மணிக்கு அணைத்துவிட்டுப் படு. வந்ததில் பாதி சுவரிலேயே உறங்கும். விடிய ஐந்தேகாலுக்கு எழும்பிப் பார், பிந்தினால் குண்டுக்கரிச்சான் குருவி பொறுக்கிவிடும். பத்து மணிக்குப் படுத்தால் ஐந்தேகாலுக்கு எழும்புவது கஷ்டமில்லை.

பெயர் கண்டுபிடிக்க ஒரு படம் காணாது. நேர் மேலிருந்து ஒன்று, உணர்கொம்பு தெரிய ஒன்று, பின்செட்டை தெரிந்தால் அதுவும். புழுவென்றால் எந்தச் செடி என்று கட்டாயம் எழுது, பாதி விடை அதில்தான். வயிற்றுக் கால்களை எண்ணு: இரண்டு சோடி என்றால் வளைந்து அளந்து நடக்கிற இனம், ஐந்துக்கு மேலே போனால் அது அந்துப்பூச்சியே அல்ல, குளவிக் கூட்டத்துப் புழு. முருங்கையில் அப்பிக் கிடக்கிற மயிர்க்கொட்டியைக் கையால் தொடாதே. புழுவின் முதுகில் வெள்ளை அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் முட்டையல்ல, உள்ளே தின்று வெளியே வந்த குளவியின் கூடு. அந்தப் புழு தப்பாது.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போனை எடுக்காவிட்டாலும் சரி, சாப்பிட்டுவிட்டு நேரத்துக்குப் படு. பூச்சி வெளியே வந்தால் பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்து, இந்தமுறை எனக்கே அனுப்பு.

அப்பா