தொழிலாளர் இரத்தத்தில் ஈயம்: மருத்துவ முகாமில் தெரியாதது

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலைத்தலங்களில் வருடத்துக்கொரு தடவை வைக்கப்படும் மருத்துவ முகாம்களில் பொதுவாகப் பார்ப்பது இரத்த அழுத்தம், சீனி, கொலஸ்ட்ரோல், கண்பார்வை. சில இடங்களில் நெஞ்சு எக்ஸ்ரேயும் உண்டு. எல்லாம் வேண்டிய பரிசோதனைகள்தான். ஆனால் பழைய பற்றரி உடைப்பவர், றேடியேற்றர் ஒட்டுபவர், வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர், இரும்புப் படகில் பழைய பெயின்ற் சுரண்டுபவர் ஆகியோரின் உடம்பில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்பதை இவற்றில் ஒன்றுகூடக் காட்டாது. இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 40 மைக்ரோகிராம் ஈயம் உள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின்கூடச் சரியாக இருக்கலாம். அவர் "வருத்தம் ஒன்றுமில்லை" என்ற தாளோடு வீட்டுக்குப் போவார். நச்சு உலோகத்துக்கென்று தனிப் பரிசோதனை வேண்டும். அதையும் சரியான மாதிரியில், சரியான நேரத்தில் செய்ய வேண்டும். திருகோணமலை மாவட்டத்தில் இதைத் தொடங்குவதற்குப் பெரிய செலவு தேவையில்லை என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறோம்.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். விறகடுப்பிலோ காஸ் அடுப்பிலோ அளவுக்கு மேல் சூடாக்கும்போது கண்ணுக்குத் தெரியாத புகை எழும்புகிறது. மேலே ஆடைபோலப் படியும் சாம்பல் நிறக் கசடு சிறிய பட்டறைகளில் அதைவிட மோசமானது. அதைக் கரண்டியால் வழித்துப் பக்கத்தில் கொட்டுவார்கள், காய்ந்ததும் தூளாகும், விளக்குமாற்றால் கூட்டும்போது பட்டறை முழுக்கப் பறக்கும். அந்தக் கையாலேயே வெற்றிலை மடிப்பது, பீடி பற்றவைப்பது, பிளேன்ரீக் கோப்பையைத் தூக்குவது என்று வாய்வழியாகவும் ஈயம் உள்ளே போகிறது. கப்பல், படகு, இரும்புக் கதவுகளில் முன்னர் அடித்த செவ்வீயப் பூச்சைச் சுரண்டாமல் காஸ் வெட்டியால் வெட்டினாலும், கிரைண்டர் போட்டாலும் இதுவே நடக்கும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போனால் தூள் பிள்ளைகளிடம் போய்ச் சேரும். பெரியவரைவிடக் குழந்தையின் குடல் ஈயத்தைப் பல மடங்கு உறிஞ்சும்.

ஈயத்துக்கான பரிசோதனை முழு இரத்தத்தில்தான் செய்யப்பட வேண்டும். இரத்தத்திலுள்ள ஈயத்தில் ஏறக்குறைய 99 சதவீதம் செங்குருதிக் கலங்களுக்குள் இருக்கிறது. எனவே வழமைபோல் மாதிரியைச் சுழற்றி சீரத்தைப் பிரித்து அனுப்பினால் கிடைக்கும் விடைக்கு ஒரு பெறுமதியும் இல்லை. ஈ.டி.ரீ.ஏ. என்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் உள்ள குழாயில் நாளத்திலிருந்து எடுத்து, எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, உறையவிடாமல் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். உலோகமற்றதென உறுதிப்படுத்திய கடுநீல மூடிக் குழாய் சிறந்தது. அது இல்லையென்றால் ஆய்வுகூடம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்த தொகுதியிலிருந்து ஊதா மூடிக் குழாயை எடுக்கலாம்.

பிழை பெரும்பாலும் ஊசி போடும் இடத்திலேயே நடக்கிறது. பட்டறைக்குள் கதிரை போட்டு இரத்தம் எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் தூள் ஊசியோடு உள்ளே போய், அளவு பொய்யாகக் கூடும். விரலில் குத்தி எடுப்பது இன்னும் மோசம். தொழிலாளி முதலில் வேலை உடுப்பைக் கழற்ற வேண்டும். முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் துடைத்து, வேறொரு கட்டடத்தில் இருந்து இரத்தம் கொடுக்க வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் மட்டும் துடைத்தால் தூள் தோலில் பரவுமேயொழியப் போகாது.

அறிக்கை வந்ததும் அலகைப் பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் லீற்றருக்கு மைக்ரோகிராம் என்று எழுதும், சில டெசிலீற்றருக்கு எழுதும். 250 என்பதும் 25 என்பதும் ஒரே அளவாக இருக்கலாம். லீற்றருக்கு மைக்ரோமோல் என்று எழுதியிருந்தால் 20.7 ஆல் பெருக்கினால் டெசிலீற்றர் கணக்கு வரும். அலகைக் கவனிக்காமல் தொழிலாளியைப் பயமுறுத்துவதும் தவறு. பயப்பட வேண்டியவரை ஒன்றுமில்லை என்று அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு.

டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது 2021 இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. வேலைத்தலக் கண்காணிப்புக்கு அமெரிக்கத் தொழில் மருத்துவ நிபுணர்கள் 2007 இல் வெளியிட்ட பரிந்துரை நடைமுறைக்கு இலகுவானது. வேலையில் சேரும்போது ஒன்று, பின்னர் முதல் மூன்று மாதமும் மாதம் ஒன்று. 10 இற்குக் கீழே நின்றால் ஆறு மாதத்துக்கொரு தடவை, 10 முதல் 19 வரை என்றால் மூன்று மாதத்துக்கொரு தடவை, 20 ஐத் தொட்டால் மாதா மாதம். நான்கு வார இடைவெளியில் இரண்டு தடவை 20 இற்குக் குறையாமல் வந்தாலோ, ஒரே தடவையில் 30 ஐத் தாண்டினாலோ ஈய வேலையிலிருந்து அவரை விலக்க வேண்டும். இரத்தத்தில் ஈயத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு மாதம் என்பதால் விலக்கியதும் அளவு இறங்கத் தொடங்கும். ஆனால் பல வருடம் இந்த வேலை செய்தவரின் எலும்பில் தேங்கியது தசாப்தக் கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். அவருக்கு இறக்கம் மெதுவாகவே இருக்கும். கர்ப்பகாலத்தில் எலும்பிலுள்ள ஈயம் கருவுக்கும் போகும். ஆகவே பெண்கள் வேலை செய்யும் இடங்களில் இதைவிடக் கண்டிப்பு வேண்டும்.

விலக்கும்போது சம்பளத்தை வெட்டினால் இந்தத் திட்டம் முழுவதும் பாழ். நாட்கூலிக்காரர் பரிசோதனை நாளில் வேலைக்கே வரமாட்டார், வந்தாலும் வருத்தத்தை மறைப்பார். அதில் அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. அமெரிக்காவில் 1978 இன் ஈய ஒழுங்குவிதி, விலக்கப்பட்டவருக்கு 18 மாதம் வரைக்கும் சம்பளத்தையும் வேலை நிலையையும் காப்பாற்றிக் கொடுக்கிறது. நம்மிடமும் அப்படியொரு விதி வேண்டும். அது வரும்வரை முதலாளிமார், அதே சம்பளத்தில் ஈயம் தொடாத வேலையொன்றுக்கு மாற்றுவதாக எழுத்தில் கொடுத்துவிட்டுப் பரிசோதனையைத் தொடங்கட்டும்.

ஈயம் தவிர்ந்த மற்ற நச்சுப் பொருள்களை அளப்பதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆசனிக்குக்குச் சிறுநீர் கொடுக்கும் முன்னர் மூன்று நான்கு நாட்களுக்கு மீன், இறால், நண்டு, கணவாய் சாப்பிடக்கூடாது. கடலுணவில் உள்ள ஆசனிக்கின் பெரும்பகுதி ஆபத்தில்லாத சேதன வடிவம். ஆனால் மொத்த ஆசனிக்கை அளக்கும் கருவிக்கு அது தெரியாது. நேற்று நண்டுக்கறி சாப்பிட்டவரின் அளவு நஞ்சேறியவருடையதுபோல் வரும். கருவாட்டையும் மாசிச் சம்பலையும் சேர்த்தே நிறுத்தச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர் அதை மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. முடிந்தால் அசேதன ஆசனிக்கைப் பிரித்து அளக்கும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதே நல்லது. பாதரசத்திலும் இதேபோல்தான்: இரத்தத்தில் பார்த்தால் மீனிலிருந்து வந்த மெதைல் பாதரசமும் சேர்ந்து வரும். வேலைத்தல ஆவியை அறிய வேண்டுமென்றால் சிறுநீரைப் பார்க்க வேண்டும்.

வெயிலும் கணக்கில் வரும். பகல் முழுக்க வியர்த்தவரின் சிறுநீர் செறிந்து இருக்கும், அதனால் உலோக அளவும் கூடித் தெரியும். ஆகவே சிறுநீர் அறிக்கைகளைக் கிரியற்றினின் (சிறுநீர் எவ்வளவு செறிந்தது எனக் காட்டும் கழிவுப்பொருள்) கிராமுக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். கிரியற்றினின் லீற்றருக்கு 0.3 கிராமுக்குக் கீழோ 3 கிராமுக்கு மேலோ இருந்தால் அந்த மாதிரியை விட்டுவிட்டு வேறொன்று எடுக்க வேண்டும்.

கட்மியம் சில்வர் பிரேசிங் கம்பியிலும், நிக்கல்-கட்மியம் பற்றரியிலும், சில முலாம் பூசிய ஆணி, போல்ற்களிலும் உண்டு. கல்வனைஸ் (நாகம் பூசிய) குழாயை ஒட்டியவருக்கு அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வந்து, ஓரிரு நாளில் போய்விடும்; அது நாகப் புகையால் வருவது. கட்மியப் புகையும் முதலில் அப்படியே தொடங்கும், ஆனால் ஒன்றிரண்டு நாளில் மூச்சு முட்டும், நுரையீரலில் நீர் கோர்க்கும், உயிரையும் எடுக்கும். வெல்டிங் வேலை செய்தவர் காய்ச்சலோடு வந்தால் என்ன கம்பி, என்ன முலாம் என்று வைத்தியர் கேட்டேயாக வேண்டும். நீண்டகாலத்தில் கட்மியம் சிறுநீரகத்தைத் தாக்கும். பதவிசிறிபுரப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பற்றி நிறையப் பேசுகிறோம். அதே மாவட்டத்தில் காரணம் தெரிந்த சிறுநீரகப் பாதிப்பைத் தவறவிடக்கூடாது. சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் பீற்றா-2 மைக்ரோகுளோபியூலின் என்ற புரதம் அமிலத்தன்மை கூடிய சிறுநீரில் சிதைந்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பாமல் ரெற்றினோல் பிணைப்புப் புரதத்தையும் கேட்கலாம். புகைபிடிப்பவருக்குக் கட்மியம் எப்படியும் கூடுதலாக இருக்கும். அதைப் படிவத்தில் குறிக்க வேண்டும்.

மங்கனீசைப் பொறுத்தவரை தனியாளின் இரத்த அளவு அதிகம் சொல்லாது. வெல்டிங் செய்பவரின் கை நடுக்கம், நடை, எழுத்து ஆகியவற்றைப் பார்ப்பதும் பட்டறைக் காற்றை அளப்பதும் மேல். சீமெந்துடன் வேலை செய்வோரின் கைச்சிரங்குக்கு ஆறு இணைதிறன் குரோமியம் காரணமாகலாம்.

ஒரு எச்சரிக்கை. ஈயத்தை "இறக்கும்" மருந்துகளை, வேலையில் தொடர்ந்து நிற்பவருக்கு முன்காப்பாகக் கொடுக்கக்கூடாது. ஈயம் வருவதை நிறுத்தாமல் மருந்து கொடுத்தால் உறிஞ்சல் கூடவும் கூடும், சிறுநீரகமும் பழுதாகும்.

1942 இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2009 இன் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவகம் அமைந்திருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் கராஜுக்கும் வீட்டு முற்றத்து வார்ப்புக்கும் இவை எட்டுவதில்லை. அங்கே போகக்கூடியவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். மூதூர், கிண்ணியா, சீனக்குடா, கொட்பே, கந்தளாய் எனப் பிரதேசவாரியாக ஈயம் தொடும் இடங்களின் பட்டியலைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்கள் தயாரிக்கட்டும். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் மாதம் ஒரு காலை இரத்தம் எடுக்க ஒதுக்கினால் போதும். குளிரில் வைத்த மாதிரி சில நாட்களுக்குக் கெடாது. கொழும்புக்கு அனுப்பத் தாராளமாக நேரமுண்டு.

அறிக்கையின் பிரதி தொழிலாளியின் கையில் கொடுக்கப்பட வேண்டும், முதலாளியின் கோப்பில் மட்டும் அல்ல. கிளினிக் கொப்பிபோல ஒரு அட்டை போதும்: திகதி, உலோகம், மாதிரி, அளவு, அலகு, அப்போது செய்த வேலை. வேலைமாறிப் போனாலும் அது அவரோடு போகும். நட்டஈடு கேட்கும் நாளில் அவரிடம் இருக்கக்கூடிய எழுத்துச் சான்றும் அதுவே. அந்த அட்டையின் முதல் வரியில், வேலையில் சேரும் முன் எடுத்த அளவு பதியப்பட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தொழில்சார் சுகாதாரத்தில் ஈடுபடும் வாசகர்கள்,
உப்புவெளி, திருகோணமலை.