பாப்பாவுக்கு, ஹிலோவிலிருந்து அம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? இங்கே ஹவாயின் ஹிலோவில் நானும் அப்பாவும் நலம். போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாய். "நடுக்கடலில் ஒரு தீவில் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்துகொண்டு என்னம்மா செய்கிறீர்கள்? வீட்டை விற்றுவிட்டு டெட்ராய்ட்டுக்கே வந்துவிடுங்கள், மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது" என்றாய். உனக்கு இரவு பத்து மணி, எனக்கு மாலை நான்கு. நீ தூக்கக் கலக்கத்தில் இருந்தாய், எனக்கு வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நிதானமாகப் படி.

நான் அவசரமாகப் போனது ஹவாயின் நடனமான ஹுலா வகுப்புக்கு. முதியோர் மையத்தில் நடக்கிறது. எல்லோருமே அறுபதைத் தாண்டிய பெண்கள். ஜப்பானிய வம்சாவளியில் வந்தவர்கள், பிலிப்பினோக்கள், போர்த்துக்கீசியர், ஹவாய் மண்ணின் மக்கள், அவர்களோடு தஞ்சாவூரில் பிறந்த நான். ஹுலா என்றால் சுற்றுலா விளம்பரத்தில் புல்பாவாடை கட்டி இடுப்பை ஆட்டுவது என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம். இங்கே வந்துதான் தெரிந்தது, அதில் பாட்டின் சொல்தான் எல்லாம். மழை, காற்று, ஒரு குறிப்பிட்ட மலை, ஒரு அரசி சவாரி போன பாதை என்று பாட்டு எதைச் சொல்கிறதோ அதைக் கை சொல்ல வேண்டும். கை போகும் இடத்துக்குக் கண்ணும் போக வேண்டும். முதல் நாள் ஆசிரியை இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிறுவயதில் எங்கள் நாட்டிய வாத்தியார் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தானே!

ஆசிரியையை இங்கே குமு என்கிறார்கள். வகுப்பு நடக்கும் அறைக்குள் நாம் பாட்டுக்கு நுழைந்துவிட முடியாது. வாசலில் வரிசையாக நின்று உள்ளே வர அனுமதி கேட்டு ஒரு பாடலைச் சேர்ந்து சொல்ல வேண்டும். அவர் உள்ளேயிருந்து பதில் பாடி அழைத்த பிறகுதான் கால் வைக்கலாம். இரண்டு சுரைக்குடுக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் செய்த இப்பு ஹெகேயைத் தரையில் தட்டியும் விரல்களால் அறைந்தும் அவர் தாளம் போடுவார். முழங்கால் வலிக்கிறதென்றால் நாற்காலியில் உட்கார்ந்து ஆடலாம், அதில் யாருக்கும் கூச்சமில்லை. எண்பது வயது தாண்டிய ஒரு ஆன்ட்டி உட்கார்ந்தபடியே மழை பெய்வதைக் கைகளால் காட்டும்போது அறையே அமைதியாகிவிடும்.

இந்த ஆட்டம் ஒரு காலத்தில் அழிந்தே போயிருக்கும், பாப்பா. 1830இல் மதம் மாறிய அரசி காஹுமானு பொது இடத்தில் ஹுலா ஆடக் கூடாது என்று தடை போட்டுவிட்டார். பிறகு வந்த கலாக்கௌவா அரசர் 1883இல் தன் முடிசூட்டு விழாவில் எல்லோர் முன்னாலும் அதை ஆட வைத்தார். அவர் நினைவாகத்தான் ஹிலோவில் மெர்ரி மோனார்க் விழா நடக்கிறது. 1971 முதல் ஹுலா போட்டியும் உண்டு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதில் உனக்கு ஒரு வேலை இருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் பூ வேலை. லெய் என்ற மாலைதான் இங்கே எல்லாவற்றுக்கும். பிறந்தநாள், பட்டமளிப்பு, கல்யாணம், சாவு எதுவானாலும் மாலை. போட்டவர் முன்னால் அதைக் கழற்றக் கூடாது, பிறகு குப்பையில் எறியவும் கூடாது. மரத்தடியிலோ மண்ணிலோ சேர்த்துவிட வேண்டும். கர்ப்பிணிக்குப் போடும்போது இரண்டு முனையையும் முடிச்சுப் போடாமல் திறந்தே விடுவார்கள். 1928 முதல் மே முதல் தேதியை லெய் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்று கடைக்காரர்கூடக் கழுத்தில் மாலையோடுதான் இருப்பார்.

என்ன பூ தெரியுமா? நம் எருக்கம்பூ! பிள்ளையாருக்குப் போடுகிறோமே, அதேதான். லிலியுவோகலானி அரசிக்கு மிகவும் பிடித்த பூவாம். பூவின் நடுவில் கிரீடம் போல் இருப்பதை மட்டும் தனியாக எடுத்து நீளமான ஊசியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிக் கோப்பார்கள், தந்தத்தில் செதுக்கியது போல் இருக்கும். மல்லிகையும் உண்டு. அதையும் ஊசியில்தான் கோக்கிறார்கள். ஊசியே இல்லாமல் நூலில் விரலால் முடிச்சுப் போட்டு நான் தொடுத்துக் காட்டியதும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து லெய் தினத்துக்கு முந்தின வாரம் மல்லிகை தொடுக்கச் சொல்லிக் கொடுப்பது என் பொறுப்பு. பெயர்ப் பலகையில் என் பெயரை எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். உன் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து எனக்குக் கற்றுக் கொடுத்த வேலை இது. அவர் விரல் ஓட்டம் இன்று ஹிலோவில் நாலைந்து பாட்டிமார் கையில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனது நிறைந்துபோகிறது.

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். இளமையில் அவர் புல்புல்தாரா வாசிப்பார், உனக்குத் தெரியாது. வேலை, வீட்டுக்கடன், உன் படிப்பு என்று அது எங்கேயோ போய்விட்டது. இப்போது உகுலேலே வாசிக்கிறார். 1879இல் மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்த்துக்கீசியர்கள் கொண்டுவந்த சின்ன கிதாரிலிருந்து வந்ததுதான் அந்த வாத்தியம். நாலே தந்தி. பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள், மாதம் ஒரு தடவை படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்காக முதியோர் இல்லத்துக்கும் போவார்கள். ஒரு நாள் அங்கே யாரோ கேட்டார்கள் என்று அப்பா ஒரு தாலாட்டைத் தமிழிலேயே பாடியிருக்கிறார். அடுத்த மாதமும் அதையே கேட்டார்களாம்.

அவருக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எரிமலைப் பூங்கா. ஹிலோவிலிருந்து முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் கிலாவெயா. 4,000 அடி உயரம், ஸ்வெட்டர் வேண்டும். அங்கே தன்னார்வலர்களோடு காட்டுக்குள் போய் இமயமலை இஞ்சியை வெட்டுகிறார். தோட்டத்துக்கு அழகாக இருக்குமே என்று யாரோ கொண்டுவந்த செடி. மஞ்சள் பூவும் நல்ல வாசனையும் உண்டு. ஆனால் கிழங்கு தரையெல்லாம் பாய் விரித்து மூடிவிடுவதால் ஓஹியா மரத்தின் விதை முளைக்க இடமே இருப்பதில்லை. எரிமலைக் குழம்பு ஆறிய பாறையில் முதலில் வேர் பிடிக்கிற மரங்களில் ஒன்று ஓஹியா. சிவப்பாகப் பஞ்சு போல் பூக்கும். அதற்கு இப்போது ஒரு பூஞ்சை நோயும் வந்து லட்சக்கணக்கில் மரங்கள் பட்டுப்போய்விட்டன. அதனால் காட்டுக்குள் நுழையும்முன் செருப்பு மண்ணைத் தேய்த்து எடுத்து ஆல்கஹால் அடித்துத் துடைக்க வேண்டும். அப்பா இதில் மகா கண்டிப்பு. நம் வாசலிலேயே தூரிகையும் பாட்டிலும் வைத்திருக்கிறார்.

புதனும் சனியும் உழவர் சந்தைக்குப் போவோம். சேப்பங்கிழங்கு, சீமைப்பலா, பப்பாளி, முருங்கைக்கீரைகூடக் கிடைக்கும். மற்றபடி காய்கனிக்கு அதிகம் செலவே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் யாராவது ஒரு பை அவகாடோவை வாசலில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் சீமைப்பலாவை வறுவல் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கோடையில் புத்த கோயில்களில் 'போன்' என்ற ஜப்பானிய நடனம் நடக்கும். முன்னோர்களுக்காக வட்டமாக ஆடுவது, யார் வேண்டுமானாலும் சேரலாம். போன கோடையில் நானும் அப்பாவும் ஆடினோம். அப்பா ஆடியது உனக்கு நம்பவே முடியாது.

சரி, நீ பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

2025 ஜூலை 29 உனக்கு மறந்திருக்காது. ரஷ்யாவின் கம்சாட்கா கரையில் 8.8 அளவில் நிலநடுக்கம், இங்கே சுனாமி எச்சரிக்கை. சங்கு ஊதத் தொடங்கியதுமே நீ அழுதுகொண்டே கூப்பிட்டாய். அன்று நடந்ததை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. நம் வீடு கௌமனாவில், ஊருக்கு மேலே. கடல் இங்கே வராது. கீழே கரையோரம் இருப்பவர்கள்தான் மேலே ஏற வேண்டும். என் வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் குடும்பத்தோடும், ஒருவர் நடக்க முடியாத தன் அம்மாவோடும், நாய், பூனையோடும் நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பெரிய குக்கரில் சாதம் வைத்து ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தேன். அப்பா வயதானவர்களின் மருந்துகளை வாங்கி, யாருக்கு எது எப்போது என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். ஏழு மணிக்கு மேல் அலை வரும் என்றார்கள். எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

நடக்க முடியாத அந்த அம்மா இளம் பெண்ணாக 1960 சுனாமியைப் பார்த்தவர். மே 23, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குச் சிலியிலிருந்து வந்த அலை ஹிலோவில் 61 பேரைக் கொண்டுபோய்விட்டது. சங்கு ஊதியும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் பலர், அலையைப் பார்க்கவே கீழே போனவர்களும் உண்டு. அதன் பிறகுதான் விரிகுடாக் கரையில் மறுபடி வீடு கட்டாமல் பூங்காவாக விட்டார்கள். 1:04இல் நின்றுபோன கடிகாரம் ஒன்று இன்னும் சாலையோரத்தில் அப்படியே நிற்கிறது. அந்த அம்மா அன்றிரவு அதையெல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு மேல் எச்சரிக்கையைக் குறைத்தார்கள். பெரிய சேதம் எதுவும் இல்லை. வந்தவர்கள் கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டு விடிந்ததும் போனார்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இதே கௌமனாவுக்குள்தான் 1881இல் மௌனா லோவா எரிமலையின் குழம்பு வந்தது. 1984இல் ஊருக்குச் சுமார் 4 மைல் தள்ளி நின்றது. 2018இல் இதே தீவின் பூனா பகுதியில் எழுநூறு வீடுகள் எரிமலைக் குழம்பில் போயின. மாதத்தின் முதல் வேலை நாளில் 11:45 மணிக்குச் சோதனைச் சங்கு ஊதும்போதெல்லாம் எங்கள் அவசரப் பையைத் திறந்து மருந்து, பேட்டரி, தண்ணீர் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம். சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் மழை. துணி காயாது. பால், மின்சாரம் எல்லாம் விலை அதிகம். உளுந்தும் இட்லி அரிசியும் தபாலில் வந்தாக வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஒன்றுதான், மருத்துவம். இந்தத் தீவில் நிபுணர்கள் குறைவு. அப்பாவின் கண்ணுக்கு ஹொனலுலுவுக்கு விமானம் ஏற வேண்டியிருக்கிறது. இந்த ஒன்றில் நீ சொல்வது நியாயம். எங்களில் ஒருவருக்கு நெடுநாள் சிகிச்சை வேண்டும் என்ற நிலை வந்தால் மறுபேச்சில்லாமல் உன்னிடம் வந்துவிடுவோம். அப்பாவும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். அதை நீ மனதில் வைத்துக்கொள்.

ஆனால் அதுவரை இங்கேதான் இருக்க ஆசைப்படுகிறோம். டெட்ராய்ட்டில் உன் வீட்டுக்கு வந்து தங்கியபோது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீ தாங்கு தாங்கு என்று தாங்கினாய். ஆனால் நீங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, பனி பெய்யும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நீங்கள் திரும்பி வரும் நேரத்துக்காக நாங்கள் காத்திருந்தோம். இங்கே எங்களுக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள், கண்ணு. ஒரு வியாழக்கிழமை நான் வகுப்புக்குப் போகவில்லை என்றால் இரவுக்குள் யாராவது சூப்பும் கையுமாக வாசலில் நிற்பார்கள். அப்பா போகவில்லை என்றால் அந்த இல்லத்தில் இருக்கும் பெரியவருக்குத் தாலாட்டு இல்லை. இந்த வயதில் இப்படி ஓர் ஊர் எங்களுக்குக் கிடைக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

இப்போது உன் வேலை. மெர்ரி மோனார்க் ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கி ஒரு வாரம் நடக்கும். பிள்ளைகளோடு அந்த வாரம் முழுக்க வந்து இரு. புதன் இரவு நிகழ்ச்சிக்குக் கட்டணம் இல்லை. சனி காலை ஊர்வலமும் இலவசம், அதில் எங்கள் மையத்துக்காரர்களும் நடப்போம். போட்டிக்குச் சீட்டு கிடைப்பது கஷ்டம், டிவியில் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் இங்கிருந்தே நாலு நாள் கவாய் தீவுக்குப் போய் வரலாம் என்று அப்பாவுக்கு ஆசை. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் அமெரிக்கச் சீடர் சிவாய சுப்பிரமுனியசுவாமி தொடங்கிய ஆதீனம் அங்கே இருக்கிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் உளியால் செதுக்கி, கப்பலில் கொண்டுவந்து சேர்த்த கருங்கல்லில் கட்டிய இறைவன் கோயிலுக்கு 2023இல்தான் கும்பாபிஷேகம் ஆனது. பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும்.

அந்த வாரத்தில் விமானச் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்த மாதத்துக்குள் வாங்கிவிட்டு எனக்குத் தேதியைச் சொல். நீ ஆசையாக வளர்க்கும் கறிவேப்பிலைக் கன்றைத் தயவுசெய்து தூக்கிக்கொண்டு வராதே. வெளிச்செடியைச் சோதிக்காமல் இங்கே உள்ளே விட மாட்டார்கள், விவசாயத் துறைப் படிவமும் நிரப்ப வேண்டும். உடைத்த உளுந்து இரண்டு கிலோ, நல்ல கட்டிப் பெருங்காயம், அப்பாவுக்குப் பழைய சாம்பல் நிற ஸ்வெட்டர், இவை மட்டும் போதும். பிள்ளைகளுக்கு மழைக்கோட்டு மறக்காதே. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்றும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா