உச்சிச் சூரியனும் தேனீயின் ஆட்டமும்: கொழும்பிலிருந்து அண்ணனுக்கு

வெள்ளவத்தை, கொழும்பு 6
பிப்ரவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நல்ல சுகம். மைனியும் பிள்ளைகளும் சுகம்தானே? அங்கே ரப்பர் துளிர் விட்டிருக்கும். இனி ஏப்ரல் வரை ரப்பர் தேன் வரும், உங்களுக்குத் தேனீப் பெட்டிக்குப் பெட்டி ஓடவே பொழுது சரியாக இருக்கும். ஆனாலும் இந்தக் கடிதத்தை ஒரு ராத்திரி சாவகாசமாக உட்கார்ந்து வாசியுங்கள். இதில் உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

மார்த்தாண்டத்தை விட்டு வந்தவர்களுக்குக் கொழும்பு அந்நியமாகத் தெரியாது. இரண்டு ஊருக்கும் மணி ஒன்று. வெயிலும் புழுக்கமும் ஒன்று. இரண்டு பருவமழையும் இங்கேயும் பெய்யும். களுத்துறை, கேகாலைப் பக்கம் போனால் குலசேகரம் போலவே ரப்பர்க் காடு. காலி வீதிக் கடைகளில் தமிழ் தாராளமாகக் கேட்கிறது. காலையில் பாண் என்னும் ரொட்டியும் சம்பலும், சாப்பாட்டுக்குப் பிறகு எருமைத் தயிரும் கித்துள் பனையின் பாணியும் என்று நாக்கு பழகிவிட்டது. இந்த ஊர்ச் சிங்களவர்கள் தேன் என்றால் காட்டுத்தேனைத்தான் மதிக்கிறார்கள். மலைத்தேனீயை ‘பம்பரா’ என்பார்கள். சிகிரியாப் பாறையில் அது கட்டும் பெரிய அடைகளைப் பார்த்தால் நீங்கள் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

பெட்டியில் வளர்வது நம் அடுக்குத்தேனீ மட்டும்தான். மேல்நாட்டு இத்தாலியன் ஈ இந்த நாட்டில் கிடையாது. கொம்புத்தேனீ உண்டு. கொசுத்தேனீயோ பழைய வீட்டுச் சுவர் இடுக்குகளில் மெழுகுக் குழாய் நீட்டி, நகரத்துக்கு நடுவிலேயே குடியிருக்கிறது. ஆக நம் ஊரின் நாலு வகையும் இங்கே உண்டு. தேனீ ஆய்வாளர்கள் இந்தத் தீவைத் தேடி வந்ததற்கு அது ஒரு காரணம்.

அவர்கள் கண்டதில் உங்களுக்கு உடனே பிடிக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 1976-இல் கோனிகர், விஜயகுணசேகர என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கே மூன்று இனத்து ஆண் ஈக்களும் எந்த நேரத்தில் பறக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். கொம்புத்தேனீ ஆண்கள் நண்பகல் 12 முதல் 2.30 வரை, அடுக்குத்தேனீ ஆண்கள் மாலை 4.15 முதல் 5.15 வரை, மலைத்தேனீ ஆண்கள் இருட்டும் நேரத்தில் 6 முதல் 6.45 வரை. மூன்று இனத்து ராணிகளும் ஆண்களை இழுக்க விடும் முக்கியமான வாசனை ஒன்றேதான். நேரம் பிரிந்திருப்பதால்தான் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்கிறது. கன்னி ராணி இருக்கும் பெட்டியை மாலை 4-லிருந்து 5.30 வரை திறக்காதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். நல்ல பூ இருக்கும் இடத்தைக் கண்ட ஈ, பெட்டிக்குத் திரும்பி அடையின் மேல் வயிற்றை ஆட்டிக்கொண்டு ஒரு நேர்கோட்டில் ஓடும். வளைந்து திரும்பி வந்து மறுபடி ஓடும். அந்த ஓட்டம் நேர் மேல்நோக்கி இருந்தால் சூரியன் இருக்கும் பக்கம் போ என்று பொருள். மேல்நோக்கிய கோட்டிலிருந்து வலப்பக்கம் 40 பாகை சாய்ந்தால், சூரியனுக்கு வலப்பக்கம் 40 பாகையில் பூ இருக்கிறது. ஆட்டி ஓடும் நேரம் தூரத்தைச் சொல்லும்; மேல்நாட்டு ஈயில் ஒரு வினாடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். இதைப் படித்தறிந்தவர் ஜெர்மனியில் ஆய்வு செய்த கார்ல் ஃபான் ஃபிரிஷ். 1973-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950-களின் நடுவில் இலங்கைக்கு வந்து நம் மூன்று இனங்களின் ஆட்டத்தையும் பதிவு செய்தார். கொம்புத்தேனீ, அடையின் மேல்தட்டில் கிடைமட்டமாக நின்று, சூரியனைப் பார்த்தபடியே பூவின் திசைக்கு நேராக ஓடுகிறது. மலைத்தேனீ செங்குத்தான அடையில் ஆடினாலும் திறந்த வெளியில், வானம் தெரிய ஆடுகிறது. இருட்டில், வானமே தெரியாமல், சூரியனின் திசையைப் புவியீர்ப்பின் திசையாக மாற்றி ஆடுவது அடுக்குத்தேனீ.

சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டால்? அப்போது சூரியனுக்குத் திசையே இல்லை. ஜெர்மனியில் அப்படி ஒரு நாள் வராது. நம் பக்கம் வருடத்தில் இரண்டு நாள் வரும். கொழும்பில் ஏப்ரல் 7 வாக்கிலும் செப்டம்பர் 5 வாக்கிலும், மதியம் 12.10-ஐ ஒட்டி, நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. ஏப்ரல் பிறந்ததும் இங்கே பத்திரிகைகளில் ஊர் ஊராக நேரம் போடுவார்கள். சூரியன் உச்சியிலிருந்து இரண்டு மூன்று பாகைக்குள் இருக்கும்போது ஆட்டம் திசையிழக்கிறது, அல்லது ஈக்கள் ஆடாமலே நிற்கின்றன என்று லிண்டாவர் கண்டார். உச்சியை ஒட்டிச் சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். ஆக 12 மணி முதல் 12.25 வரைதான் அந்தக் குழப்ப நேரம்.

அந்த நாளின் இன்னொரு சிறப்பைக் கவனியுங்கள். சூரியன் காலை முழுவதும் ஏறக்குறைய நேர் கிழக்கிலேயே நிற்கும். உச்சியைத் தாண்டியதும் நேர் மேற்குக்குப் போய்விடும். பெட்டிக்குத் தெற்கே சீனிப்பாகு வைத்தால், காலை முழுக்க ஈ வலப்பக்கம் சுமார் 90 பாகையில் ஆடும். மதியத்துக்குப் பிறகு இடப்பக்கம் 90 பாகையில் ஆடும். டிசம்பரில் சூரியன் பகல் முழுக்கத் தெற்கு வழியாக மெல்லச் சுற்றித்தான் கிழக்குப் பக்கத்திலிருந்து மேற்குப் பக்கத்துக்குப் போகும்; இங்கே அது அரை மணிக்குள் நடந்துவிடுகிறது. வெளியே போகாமல் உள்ளேயே நின்று நீண்ட நேரம் ஆடும் ஈக்கள், தம் உள்மணியை வைத்து, காணாத சூரியனுக்கு ஏற்பக் கோணத்தை மாற்றிக்கொண்டே போவதுண்டு. உச்சி தாண்டும் அந்த அரை மணியில் அப்படிப்பட்ட ஈ என்ன செய்கிறது என்பதைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன். மார்த்தாண்டத்தில் இதே நாள் ஏப்ரல் 11 வாக்கில், 12.22-க்கு வரும், இரண்டாவது முறை ஆகஸ்ட் 31 வாக்கில். ஒரே இனம், நாலைந்து நாள் இடைவெளி, ஒரே கடிகாரம். நீங்கள் அங்கேயும் நான் இங்கேயும் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒப்பிடலாம்.

அதற்குக் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்ய வேண்டும். நம் அடைச் சட்டங்கள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு அடைத் தடிமனில் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் உள்ளளவு 38 மில்லிமீட்டர். புழு அடை 22 இருக்கும். இரண்டு பக்கமும் 8, 8 ஈ நடக்க இடம். 45 விட்டால் கண்ணாடியோடு ஒட்டிக் குறுக்கு அடை கட்டிவிடும். 34-க்குக் குறைந்தால் ஆடும் ஈயின் முதுகு இடிக்கும். கீழ்ச் சட்டத்தில் மூடிய புழு, மேல் சட்டத்தில் தேனும் மகரந்தமும், முட்டையிடும் ராணி. வாசல் கீழ் மூலையில் இருக்கட்டும். உள்ளே சிறு மரச்சாய்வு ஒன்று வைத்து, வரும் ஈ எல்லாம் ஒரே பக்கத்துக்கு ஏறும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் பாதி ஆட்டம் மறுபக்கம் நடந்துபோகும்.

கண்ணாடியை எப்போதும் மரப்பலகையால் மூடி வையுங்கள். பார்க்கும்போது மட்டும் திறந்து, உங்களையும் சேர்த்துக் கறுப்புத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். நீல வானம் ஒரு துண்டு தெரிந்தாலும் கோணம் மாறிவிடும். ஈக்கு வான வெளிச்சத்திலிருந்தே சூரியன் இருக்கும் பக்கம் தெரியும். சிவப்பு விளக்கு போடலாம், அந்த நிறம் ஈக்குத் தெரியாது. வெயில் நேரே பட்டால் அடை தொய்ந்து விழும். நம் ஈ பிசின் கொண்டுவந்து இடுக்கு அடைக்காது என்பதால், மெழுகுப்பூச்சி நுழையாதபடி மூட்டுகளை நீங்களே மெழுகால் அடையுங்கள். கால் நான்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கட்டும். எறும்பு ஏறினால் ஒரே நாளில் கூட்டம் ஓடிப்போகும்.

பாகு: 685 கிராம் சீனியைச் சுடுதண்ணீரில் கரைத்து, மொத்தம் ஒரு லிட்டர் வரும்படி தண்ணீர் சேருங்கள். அது ஆட வைக்கும் பாகு. பாகுத் தட்டை இடம் மாற்றிக்கொண்டு போகும்போது ஒரு பங்கு சீனிக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்ட பாகு போதும். அதற்கு அதிகம் ஆடாது, புதிய கூட்டம் சேராது. காலை 9-க்கு முன் வாசல் பலகையிலேயே தொடங்கி, ஈக்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் தட்டை நகர்த்துங்கள். முதல் 10 மீட்டர் ஒவ்வொரு மீட்டராக, பிறகு 5, 10 மீட்டராக, 50 தாண்டினால் 20 மீட்டராக. 150 மீட்டரில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஈ காற்றில் இருக்கும்போது நகர்த்தினால் பழைய இடத்திலேயே சுற்றிவிட்டுப் போய்விடும்.

குடிக்கும் ஈயின் நெஞ்சுமேல் கடுகளவு பெயின்ட் வையுங்கள். சிறகின் அடியிலும் கண்ணிலும் படக்கூடாது. ஃபான் ஃபிரிஷ் வழி எளிது: நெஞ்சின் முன்பகுதியில் வெள்ளை 1, சிவப்பு 2, நீலம் 3, மஞ்சள் 4, பச்சை 5, பின்பகுதியில் அதே வரிசை 6, 7, 8, 9, 0. 15 ஈ போதும். குறி இல்லாமல் வருவதைப் பிடித்துச் சாயங்காலம் வரை டப்பாவில் வையுங்கள்.

கண்ணாடியில் ஒரு நூலில் ஈயக்குண்டு தொங்கவிட்டு, அதுவும் படத்தில் விழும்படி போனில் வீடியோ எடுங்கள். ஒரு ஆட்டத்தில் முதல் ஓட்டத்தையும் கடைசி ஓட்டத்தையும் விட்டுவிட்டு, நடுவில் நாலு ஓட்டத்தின் கோணத்தையும் நேரத்தையும் எடுத்துச் சராசரி போடுங்கள். கிட்டத்து இடத்துக்கு ஈ ஒரு முறை கொஞ்சம் வலமாகவும் மறுமுறை கொஞ்சம் இடமாகவும் ஓடும். அது தவறல்ல, இரண்டின் நடுக்கோடுதான் திசை.

ஏப்ரலில் ஒரு சிக்கல் உண்டு. ரப்பர் தேன் வந்துகொண்டிருக்கும்வரை எந்த ஈயும் உங்கள் சீனிப்பாகைத் திரும்பிப் பார்க்காது. அதனால் ஏப்ரலை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 31 தான் சரியான நாள் என்று எனக்குத் தோன்றுகிறது: அது நீங்கள் எப்படியும் பாகு கொடுக்கும் பஞ்ச காலம். மேகம் கெடுக்கலாம், முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்துப் பாருங்கள். அந்த மாதம் பெட்டிக்குப் பெட்டி கொள்ளையடிக்கும், ஆகவே வாசலை ஒரு விரல் அகலத்துக்குக் குறுக்குங்கள், பாகு ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது. புழு செத்த கூட்டம் அருகில் இருந்தால் இந்த வேலையையே எடுக்க வேண்டாம். 1991-இல் வந்த, புழுக்களைக் கொல்லும் ‘தாய் சாக்புரூட்’ வைரஸ் நம் ஊர்ப் பெட்டிகளை எப்படிக் காலி செய்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார். பல கூட்டம் ஒரே தட்டில் குடிப்பது நோய்க்கு வழி. தட்டைத் தினமும் கொதிநீரில் கழுவுங்கள்.

இது உங்கள் தொழிலுக்கும் உதவும். 2020-இல் வந்த பெங்களூருப் பக்கத்து ஆய்வு ஒன்று மூன்று இனங்களையும் ஒப்பிட்டது. குறைந்த தூரம் போவது அடுக்குத்தேனீ, அதிகம் போவது மலைத்தேனீ. குறைந்த தூரம் போகும் இனமே ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் அதிக நேரம் ஆட்டுகிறது. அதாவது நம் ஈ கிட்டத்து இடத்தை நுணுக்கமாகச் சொல்லப் பழகியது. பெட்டிகளை ரோட்டோரம் மொத்தமாக அடுக்கிவிட்டு, ஈ போய்க்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. தோட்டத்துக்குள் நூறு, இருநூறு மீட்டர் தள்ளித் தள்ளிப் பிரித்து வைத்தால் தேன் கூடும் என்பது என் கணிப்பு. உங்கள் கண்ணாடிப் பெட்டியின் ஆட்டங்களைப் பார்த்தே ஈக்கள் எந்தத் தோட்டத்துக்குப் போகின்றன என்று தெரிந்துகொள்ளலாம்.

பெரியவனை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்; கோணம் அளப்பதை நான் இங்கிருந்தே செய்கிறேன். ஒவ்வொரு படத்திலும் நேரம், ஈயின் நிறம், வானம் தெளிவா மேகமா என்ற மூன்றும் வேண்டும். கண்ணாடி வாங்கும்போது 4 மில்லிமீட்டர் கேளுங்கள், 3 என்றால் கழற்றும்போது உடையும்.

அன்புடன்,
உங்கள் தங்கை